முகமூடியின் பணிப்பதிவேடு

எங்கள் அலுவலகத்தில் யாரும் யாரையும் துன்புறுத்தியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வந்தவரை உட்காரச் சொல்வோம், குடிக்கத் தண்ணீர் கொடுப்போம், ஒன்பது வேலை நாள் கழித்து வரச் சொல்வோம். அவ்வளவுதான் நாங்கள் செய்வது.

காட்சித் தொழிலாளர் வகைப்பாட்டு மையம் என்று பெயர். புவேப்லா நகரில், ஒரு செருப்புக் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. பாடுகிறவர், ஆடுகிறவர், கயிற்றில் நடக்கிறவர், முகமூடி போட்டு மல்யுத்தம் செய்கிறவர், இவர்களிடம் முதலாளிகள் "நான் வேலையாள் அல்ல, தனித்தொழில் செய்பவன்" என்று எழுதி வாங்கிக்கொண்டு, எலும்பு முறிந்ததும் கையை விரித்துவிடுகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அரசுக்கு ரோஷம் வந்தது. சட்டம் போட்டார்கள். சட்டத்தை வைக்க ஓர் இடம் வேண்டுமே என்று எங்கள் அலுவலகத்தைத் திறந்தார்கள். திறப்பு விழாவில் வாசித்த மரியாச்சிக் குழுவுக்கு மதியச் சாப்பாடு கிடையாது. அவர்கள் தனித்தொழில் செய்பவர்கள் என்று நாங்கள் எழுதி வாங்கியிருந்தோம்.

நான் ஒப்துலியா. தட்டச்சு. அரசாங்கத்தில் பதினோரு வருடம். ஒவ்வொரு டிசம்பர் கடைசியிலும் என் ஒப்பந்தத்தை முடித்துவிடுவார்கள். ஜனவரி பதினாறாம் தேதி என்னை மறுபடியும் புதிதாகக் கண்டுபிடிப்பார்கள். ஆகவே நானும் வேலையாள் இல்லை, "தட்டச்சுச் சேவை வழங்குநர்". பதினோரு வருடமாக வழங்கிக்கொண்டிருக்கிறேன்.

இயக்குநர் பெயர் லிசென்சியாதோ உர்ரியேத்தா. எங்கள் ஊரில் டை கட்டியவர் எல்லோரும் லிசென்சியாதோதான், அதாவது பட்டதாரி. என்ன படித்தீர்கள் என்று கேட்பது மரியாதையில்லை. அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் சட்டத்தின் மூன்று கேள்விகளைப் பித்தளை எழுத்தில் பதித்திருக்கிறோம். உன்னை ஏவுவது யார்? நீ செய்வது முதலாளியின் பிழைப்பா, வேறு பிழைப்பா? உனக்கென்று தனிக் கடை உண்டா? இந்தக் கேள்விகளுக்குச் சரியான பதில் சொல்லிவிட்டால் ஒருவர் வேலையாள் ஆகிவிடலாம். இரண்டு வருடத்தில் ஒருவரும் ஆகவில்லை. எழுத்துகளை மட்டும் வாரம் ஒருமுறை எலுமிச்சை போட்டுத் தேய்ப்போம்.

செப்டம்பர் கடைசியில் அனக்லேத்தோ வந்தார். நாற்பது வயதிருக்கும். காளை மாதிரி உடம்பு, கழுத்தில் வெள்ளைப் பட்டை, குனியவும் முடியாது திரும்பவும் முடியாது. வலது கையை இடது கையால் தூக்கி மேசை மேல் வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"ஐயா, நான் பச்சை ஆந்தைக்காக வந்திருக்கேன்."

பச்சை ஆந்தையைத் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் இல்லை. தோன் ரூத்திலியோவின் அரங்கில் பதினாறு வருடமாக ஞாயிறுதோறும் மோதுகிற முகமூடி. இரண்டு வாரம் முன்பு மேல் கயிற்றிலிருந்து வெளியே பாய்ந்தது, பிடிக்க வேண்டியவன் நகர்ந்துகொண்டான், ஆந்தை தலைகுப்புறத் தரையில் விழுந்தது. ஊரே பார்த்தது.

"நீங்க அவருக்கு யாரு?" என்றார் இயக்குநர்.

அனக்லேத்தோ கழுத்துப் பட்டையைத் தொட்டுக்கொண்டார். "ரொம்ப வேண்டியவன் ஐயா."

அவர்தான் ஆந்தை என்று எங்கள் தண்ணீர்க் குவளைக்கும் தெரியும். ஆனால் முகமூடிக்காரன் தன் வாயால் நான்தான் இன்னார் என்று சொல்ல மாட்டான். மேடையில் பந்தயம் கட்டித் தோற்றால்தான் முகம் தெரியலாம். அதோடு அவன் பிழைப்பும் பாதி போய்விடும். பெற்ற தாய் செத்தாலும் முகமூடியோடு போய் நிற்கிற ஆட்கள் இவர்கள். நாங்களும் கேட்க மாட்டோம், அது அநாகரிகம்.

"அவருக்குக் கழுத்தெலும்பு நசுங்கிருக்கு ஐயா. ஆறு வாரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணணுமாம். இல்லன்னா மொதல்ல வலது கை போகும், அப்புறம் காலு போகும்னு டாக்டர் சொல்லிட்டாரு. வேலையாள்னு காகிதம் இருந்தா காப்புறுதி ஆஸ்பத்திரியில உடனே பண்ணுவாங்க. காகிதம் இல்லாதவங்க ஆஸ்பத்திரியில பேர் குடுத்தேன், அடுத்த வருஷம் செப்டம்பர்னாங்க."

"பேர் குடுத்தேன்னு சொன்னீங்களா, குடுத்தாருன்னு சொன்னீங்களா?"

"குடுத்தாரு ஐயா."

"அப்ப அவரைக் கூட்டிட்டு வாங்க. மூணாவது மனுஷன் பேச்சை வெச்சு நான் நீதி வழங்கினா அது நீதியா? ஒப்துலியா, எழுதிக்குங்க. வழக்குக்குச் சம்பந்தமில்லாத ஒருத்தர் வந்தாரு, தண்ணி குடிச்சாரு."

எழுதினேன்.

ஒன்பது வேலை நாள் கழித்து பச்சை ஆந்தை முகமூடியோடு வந்தது. அன்று வேலை ஒன்றும் ஓடவில்லை. ஆவணக் காப்பகத்திலிருந்தெல்லாம் ஓடி வந்தார்கள். இயக்குநரே எழுந்து நின்று தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். "தொண்ணூத்தாறு கிலோவைத் தலைக்கு மேல தூக்கிச் சுத்துனீங்களே, நான் முன்வரிசையில இருந்தேன்!" என்றார். கையெழுத்து கேட்டார்கள். ஆந்தையால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை, இடது கையால் ஏதோ கிறுக்கிக் கொடுத்தது. மோதிர விரல் வரை மரத்துவிட்டது என்று மெதுவாக என்னிடம் சொன்னார் அனக்லேத்தோ.

அரங்கத்தின் வழக்கறிஞர் ஹிமேனா சரக்கென்று எழுந்தாள். நல்ல பெண், எல்லோருக்கும் இனிப்பு ரொட்டி வாங்கி வருவாள்.

"ஆட்சேபணை! அந்த முகமூடி கம்பெனிச் சொத்து. ஞாயித்துக்கிழமை தவிர மத்த நாள்ல போடக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருக்கு. இன்னிக்கு வியாழன்."

"போடாம வந்தா ஆளே இல்லங்கறீங்க, போட்டுட்டு வந்தா திருட்டுங்கறீங்க. நான் எப்படித்தாம்மா வர்றது?" என்றது ஆந்தை.

"அது உங்க சுதந்திரம்," என்றாள் ஹிமேனா. "தனித்தொழில் பண்றவரு எப்படி வேணா வரலாம்."

இயக்குநர் முதல் கேள்வியை எடுத்தார். "பாயச் சொன்னது யாரு?"

"தோன் ரூத்திலியோ ஐயா. மூணாவது சுத்துல வெளியே பாய்ஞ்சே ஆகணும்னாரு. நாலு வாரமா வேண்டாம் வேண்டாம்னேன், தோள்பட்டை சரியில்லன்னேன்."

"பாயலன்னா என்ன பண்ணுவேன்னாரு?"

"அடுத்த வாரம் வர வேண்டாம்னாரு."

இயக்குநர் முகம் மலர்ந்தது. "பாருங்க, எவ்வளவு சுதந்திரம்! எனக்கு யாராவது அடுத்த வாரம் வர வேண்டாம்னு சொல்லுவாங்களா? நான் வந்தே ஆகணும். நான்தான் அடிமை."

இரண்டாவது கேள்விக்கு ஹிமேனா ஒரு கட்டுக் காகிதம் கொண்டுவந்திருந்தாள். தோன் ரூத்திலியோவின் பிழைப்பு மல்யுத்தமே இல்லையாம். அவர் நாற்காலி வாடகைக்கு விடுகிறார், பீர் விற்கிறார். நடுவில் கயிறு கட்டிய ஒரு மேடை முன்பிருந்தே கிடக்கிறது. அதில் யாராவது சொந்த விருப்பத்தில் ஏறி ஒருவரையொருவர் அடித்துக்கொண்டால், கம்பெனி அதை நாகரிகம் கருதித் தடுப்பதில்லை.

"அப்ப சனங்க எதைப் பாக்க வர்றாங்க?" என்று கேட்டுவிட்டேன். தட்டச்சுச் சேவை வழங்குநர் வாயைத் திறக்கக் கூடாது. இயக்குநர் என்னைப் பார்த்த பார்வையில் ஜனவரி பதினாறு தெரிந்தது. தட்டச்சைத் தொடர்ந்தேன்.

அடுத்து அடையாளச் சிக்கல் வந்தது. முகமூடிக்குள் இருப்பது ஆந்தைதானா என்று எப்படி உறுதி செய்வது? கழற்றச் சொல்லலாமா என்று ஒருவர் ஆரம்பித்ததும் அறையே கொந்தளித்தது. "சீ, என்ன பேச்சு இது!" என்று எங்கள் காவலாளி தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். இயக்குநரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்களுக்கு மனசாட்சி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு மனிதனின் கை கண்ணெதிரே செத்துக்கொண்டிருந்தது, அதை யாரும் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்று அத்தனை பேரும் பதறினார்கள்.

யோசித்து யோசித்து இயக்குநர் ஒரு வழி கண்டார். ஒரு திரை கட்டுவது. திரைக்குள் நான் மட்டும் போய்ப் பார்ப்பது. "ஒப்துலியா இந்த ஆபீஸ் வேலையாள் கிடையாது. அதனால அவங்க பாத்தா ஆபீஸ் பாத்ததா ஆகாது. ரகசியம் காப்பாத்தப்படும்."

அப்படியே கம்பெனிச் சொத்தையும் திருப்பி வாங்கிவிடலாம் என்றாள் ஹிமேனா.

திரை என்றால் எங்கள் ஜன்னல் துணிதான். அதற்குள் நானும் அவரும். முகமூடியின் முடிச்சு பின்மண்டையில். அவர் விரல்கள் முடிச்சின் மேல் சும்மா ஊர்ந்தன, பிடிக்கவில்லை. நான்தான் அவிழ்த்தேன். உள்ளே அனக்லேத்தோவின் முகம் முழுக்க ஈரம். வியர்வை என்று நினைத்துக் கைக்குட்டையை நீட்டினேன், வியர்வை இல்லை.

"பதினாறு வருஷத்துல என் பொஞ்சாதி தவிர யாரும் இதைக் கழட்டினதில்லம்மா," என்றார். "நீங்க பாத்துட்டீங்கல்ல? நான்தான்னு சொல்லுவீங்கல்ல?"

"சொல்றேன் அண்ணே. சத்தியமா சொல்றேன்."

 வெளியே வந்து சொன்னேன்: அவர்தான், சந்தேகமே இல்லை, காகிதத்தில் எழுதித் தருகிறேன். இயக்குநர் அன்போடு தலையாட்டினார். "ரொம்ப நன்றி. ஆனா நீங்க ஆபீஸ் வேலையாள் இல்லியே, உங்க சாட்சியை நான் எப்படி ஏத்துக்குவேன்?"

முகமூடியை ஹிமேனா ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முத்திரை வைத்தாள். திரைக்குள்ளிருந்து அவர் வெளியே வர வேண்டுமே, எந்த முகத்தோடு வருவார்? என் சால்வையைத் தலையில் சுற்றி அனுப்பினேன். மூன்று மாடி இறங்கி அப்படியே போனார். கீழே காவலாளி, "மெதுவா போங்கம்மா, படி வழுக்கும்," என்றது எனக்குக் கேட்டது.

தீர்ப்பு அக்டோபர் கடைசியில். நான்கு வாரம் போயிருந்தது. இறந்தவர்கள் நாள் வருவதால் அலுவலகங்களுக்கிடையே படையல் போட்டி. நாங்கள் "மறைந்த காட்சிக் கலைஞர்கள்" என்ற தலைப்பில் ஏழு படி கட்டி, சாமந்திப்பூ கொட்டி, மெழுகுவத்தி ஏற்றியிருந்தோம். படங்களை ஒட்டியது கணக்குப் பிரிவு. ஒரு மாதமாக அரங்கில் காணோமே என்று பச்சை ஆந்தையையும் சேர்த்துவிட்டார்கள். நடுப்படியில், ஒரு தம்ளர் தண்ணீருக்கும் ஒரு ரொட்டிக்கும் பின்னால், அது சிரித்துக்கொண்டிருந்தது.

அனக்லேத்தோ வெறும் முகத்தோடு, அதாவது ஆந்தைக்கு வேண்டியவராக, வந்து அதன் முன்னால் நின்றார். குனிய முடியாததால் முட்டி போட்டுப் பார்த்தார்.

"எடுத்துடலாமே," என்றேன் நான்.

"வெள்ளிக்கிழமை நடுவர்கள் வர்றாங்க," என்றார் கணக்குப் பிரிவுக்காரர். "நடுவுல ஓட்டை விழுந்தா மார்க் போயிடும்."

"இருக்கட்டும்," என்றார் அனக்லேத்தோ. "அந்த ரொட்டி ஆந்தைக்குத்தானே? நான் எடுத்துக்கலாமா? காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல." எழுந்து, இடது கையால் எடுத்து நின்றபடியே தின்றார். வலது கை முழங்கை வரை போயிருந்தது. சட்டைப் பையில் அதைச் சொருகி வைத்திருந்தார்.

இயக்குநர் தீர்ப்புக்கு நிருபர்களை வரவழைத்திருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. எங்கப்பா ரயில்வேயில முப்பத்தோரு வருஷம். அவரு பென்ஷன்லதான் நான் படிச்சேன். பென்ஷனோட அருமை எனக்குத் தெரியும். அருமையான பொருளை எல்லாருக்கும் வாரிக் குடுத்துட்டா அப்புறம் அதுக்கு என்ன அருமை இருக்கு? அதனாலதான் ரெண்டு வருஷமா யாருக்கும் குடுக்காம பாதுகாத்து வெச்சிருந்தேன். இன்னிக்கு மொதல் தடவையா குடுக்கப் போறேன்."

அனக்லேத்தோ என் பக்கம் பார்க்க முயன்றார். கழுத்து திரும்பாததால் உடம்போடு திரும்பினார்.

"மூணு கேள்வியையும் வெச்சுப் பாத்தேன். ஏவுறது யாரு? கம்பெனி. எப்ப வெளிய வரணும், எப்ப பெட்டிக்குள்ள போகணும், எந்தச் சோப்புல துவைக்கணும், எல்லாம் கம்பெனிதான். யாரோட பிழைப்பு? கம்பெனியோட பிழைப்பே அந்த முகந்தான், பீர் தம்ளர்லகூட அதான் இருக்கு. தனிக் கடை உண்டா? கிடையவே கிடையாது. ஆகவே, பச்சை ஆந்தை முகமூடி தோன் ரூத்திலியோ கம்பெனியின் நிரந்தர வேலையாள் என்று தீர்ப்பளிக்கிறேன். மருத்துவக் காப்புறுதி, விடுப்பு, டிசம்பர் போனஸ், எல்லாம் உண்டு. பணிப்பதிவேடு இன்னிக்கே திறக்கணும்."

கைதட்டல் கூரையைத் தொட்டது. ஹிமேனாவும் தட்டினாள்.

"ஐயா," என்றார் அனக்லேத்தோ, "முகமூடிக்குள்ள இருக்கிற ஆளு?"

"அவர் உள்ளடக்க வழங்குநர். தனித்தொழில். அவர் யாருன்னுகூட நாங்க கேக்க மாட்டோம். அவ்வளவு மரியாதை வெச்சிருக்கோம்."

"அப்ப ஆபரேஷன்?"

"உத்தரவு போட்டாச்சு! பச்சை ஆந்தை பேர்ல, காப்புறுதி ஆஸ்பத்திரி, நவம்பர் அஞ்சு, காலை ஒன்பது மணி."

அவருக்கு அது போதுமாயிருந்தது. இயக்குநரின் கையைப் பிடித்துக் குலுக்கினார், இடது கையால். "கடவுள் உங்களை நல்லா வெச்சிருக்கணும் ஐயா," என்றார்.  நான் தாளை உருவி நகல் எடுக்கப் போய்விட்டேன்.

நவம்பர் ஐந்தாம் தேதி, வழக்கின் நிறைவைப் பதிவு செய்ய என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஆறாவது வாரம் முடியப்போகிறது. அனக்லேத்தோ எனக்கு முன்பே வந்து நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். குளித்து, புதுச் சட்டை போட்டு, மனைவி கட்டிக் கொடுத்த துணிமூட்டையோடு.

"அவளையும் வரச் சொன்னேன், வேலையில லீவு தரலியாம்," என்றார். "முகமூடியை அவங்களே கொண்டுவந்து தருவாங்களாம்மா?"

கொண்டுவந்தார்கள். வேலையாளின் சிகிச்சையை முதலாளி தடுக்கக் கூடாது என்பது சட்டம். தோன் ரூத்திலியோ சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். சரியாக ஒன்பது மணிக்கு ஹிமேனா வந்தாள். அவளோடு பச்சை ஆந்தையும் நடந்து வந்தது. உள்ளே வேறு ஆள். ஞாயிற்றுக்கிழமைக் காட்சி நிற்கக் கூடாதென்று தீர்ப்பு வந்த கையோடு உள்ளடக்கத்தை மாற்றியிருந்தார்கள்.

அனக்லேத்தோ எழுந்து நின்றார். அந்த முகமும் இந்த முகமும் ஒரு நிமிடம் ஒன்றையொன்று பார்த்தன. புது ஆள்தான் முதலில் பேசினான்.

"மன்னிச்சுக்குங்க அண்ணே. ரெண்டு குழந்தைங்க எனக்கு. செங்கல் சூளையில இருந்தேன்." பிறகு மெதுவாக, "கழுத்துல அடி பட்டா யாருகிட்ட போகணும்னு அவங்க ஒண்ணும் சொல்லல," என்றான்.

"கேக்காத," என்றார் அனக்லேத்தோ. "கேட்டவனைக் கூப்பிட மாட்டாங்க."

எலும்பு மருத்துவர் கதவைத் திறந்து, "பச்சை ஆந்தை!" என்று கூப்பிட்டார். ஆந்தை உள்ளே போயிற்று. நானும் போனேன். படம் எடுத்தார்கள், கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார்கள், விரலில் ஊசி குத்தினார்கள். ஆந்தை "ஆ!" என்றது. "என்னங்க இது, சும்மா ஆளை அனுப்பி நேரத்தைக் கெடுக்கிறீங்க?" என்று மருத்துவர் எரிந்து விழுந்தார். "இரும்பு மாதிரி கழுத்து."

"டாக்டர், அடிபட்டவரு அனக்லேத்தோ குவாவுத்லே வெளிய இருக்காரு," என்றேன். இந்த முறை வாயைத் திறந்தேன், அதையாவது நானே சொல்லிக்கொள்ள வேண்டும்.

"என்ன பேர் சொன்னீங்க? அனக்லேத்தோ குவாவுத்லேயா? எங்க பட்டியல்ல அப்படி யாரும் இல்லியே." மருத்துவர் உத்தரவுத் தாளைத் திருப்பிக் காட்டினார். அதை அடித்ததும் நான்தான்.

பணிப்பதிவேட்டில் முதல் பதிவு ஏறியது: வேலையாள் முழுக் குணமடைந்தார், பணிக்குத் தகுதியானவர். வகைப்பாட்டு மையம் தந்த சிகிச்சையின் வெற்றி என்று இயக்குநர் ஆண்டறிக்கையில் ஒரு பத்தி சேர்த்தார். படையல் போட்டியில் எங்களுக்கு இரண்டாம் பரிசு.

பத்து நாள் கழித்து அனக்லேத்தோ வந்தார். இடது காலை இழுத்து நடந்தார். மூன்று மாடி ஏற முக்கால் மணி நேரம் ஆயிற்றாம். இல்லாதவர்கள் ஆஸ்பத்திரியில், உங்கள் பேரில் ஒரு வழக்கு நிலுவையில் இருக்கிறது, அதை முடித்த கடிதம் கொண்டுவராவிட்டால் செப்டம்பர் வரிசையிலிருந்தும் பேரை எடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"செப்டம்பராவது கையில இருக்கட்டும்மா," என்றார்.

கடிதம் தயாராகவே இருந்தது. வேலையாளின் சிகிச்சையில் உள்ளடக்க வழங்குநருக்கு முழுத் திருப்தி, யார் மீதும் எந்தக் கோரிக்கையும் இல்லை. இயக்குநர் கூட்டத்தில் இருந்தார். ஆகவே கையெழுத்து வாங்குவது என் வேலையாயிற்று. நான் அதை உரக்கப் படித்துக் காட்டினேன். "வேண்டாம் அண்ணே, போட வேண்டாம்," என்று சொல்லவும் செய்தேன். போடாமல் எங்கே போவேன் என்று கேட்டார். 

பேனாவை வலது கையில் சொருகினேன், விழுந்தது. மறுபடி சொருகினேன், மறுபடி விழுந்தது. கையெழுத்துப் போட முடியாதவர்களிடம் வலது கைப் பெருவிரல் ரேகை வாங்க வேண்டும் என்பது விதி. இடது கை செல்லாது.

மைத்தட்டைத் திறந்தேன். அவர் கையை எடுத்து மேசை மேல் வைத்தேன். கனமாக இருந்தது, சில்லென்றிருந்தது. பெருவிரலை மையில் அழுத்தி, தாளில் வைத்து, எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடி இடமிருந்து வலமாக உருட்டி எடுத்தேன். கழுத்துப் பட்டை இருந்ததால் அவரால் குனிந்து மேசையைப் பார்க்க முடியவில்லை, விரலிலும் உணர்வில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுவதைப் பார்த்து, இன்னும் தயங்குகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

"பரவாயில்லம்மா, தயங்காதீங்க," என்றார். "வெச்சிருங்க."

தாளில் ரேகை அதற்குள் காய ஆரம்பித்திருந்தது.